ஆறு மணிக்குத் தொடங்கும் பரிசோதனை

சேலத்தில் நடந்த ஒரு நிகழ்த்துக் கவிதைக் கூட்டத்துக்கு என்னை அழைத்திருந்தார்கள். கறுப்பு நிறத்தில் அழகான அழைப்பிதழ். மரபை உடைக்கும் மாலை என்று போட்டிருந்தது. சனிக்கிழமை, ஆறு மணி. பதினோரு கவிஞர்கள், அவர்களில் இரண்டு பேர் பெண்கள். மூன்றாவதாக ஒரு மாணவியின் பெயர் இருந்தது, தமிழ்த்தாய் வாழ்த்துப் பாடுவதற்கு. கவிதை வாசிக்க என்னைக் கூப்பிடவில்லை, தொகுத்து வழங்கக் கூப்பிட்டிருந்தார்கள். "உங்க குரல் நல்லாருக்கும் மேடம்" என்றார் ஏற்பாட்டாளர்.

நான் இருப்பது கொண்டப்பநாயக்கன்பட்டியில். ஏற்காடு மலை தொடங்குகிற இடம். பழைய பேருந்து நிலையத்திலிருந்து டவுன் பஸ் உண்டு. 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்கு அதில் டிக்கெட் இல்லை. ஆனால் இரவு ஒன்பதரைக்கு மேல் நிறுத்தத்தில் தனியாக நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், இலவசமானது பயணம்தான், நேரம் இன்னும் நம்முடையதாகவில்லை என்று. ஆறு மணி என்று போட்டால் ஏழேகாலுக்குத் தொடங்குவார்கள். முடியப் பத்தரை ஆகும். "மூன்று மணிக்கு வைக்க முடியுமா?" என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "கலைக்கு நேரம் காலம் ஏது மேடம்?"

அந்தக் கேள்விக்கு அன்று பதில் சொல்லாமல் போனேன். இந்தக் கட்டுரைதான் என் பதில்.

அன்று இரவு அதிகம் கைதட்டு வாங்கியவர் ஒரு நண்பர். வெறுங்காலுடன் வந்து, மேடை விளக்கை அணைக்கச் சொல்லிவிட்டு, ஒப்பாரி மெட்டில் தன் கவிதையைப் பாடினார். நடுவில் சொற்களை உடைத்து வெறும் ஓசையாக்கினார், மார்பில் அடித்துக்கொண்டார். அரங்கம் எழுந்து நின்றது. தமிழில் இதுவரை நடக்காத பரிசோதனை என்றார் வாழ்த்திப் பேசியவர்.

அந்த மெட்டு எனக்குத் தெரியும். என் அம்மாயி செத்த அன்று எங்கள் வாசலில் பெண்கள் ஒருவர் தோளை ஒருவர் கட்டிக்கொண்டு வட்டமாக உட்கார்ந்து அழுத மெட்டு அது. ஒருத்தி எடுத்துக் கொடுப்பாள், இன்னொருத்தி வாங்கிக்கொள்வாள். செத்தவளைப் பாடுவதாகத் தொடங்கி, சொத்தில் பங்கு கொடுக்காத அண்ணனை அவன் காதுபடவே பாடிவிடுவாள். வேறெந்த நாளிலும் சொல்ல முடியாததை அன்று சொல்வாள், யாரும் அவளைத் தடுக்க முடியாது. முன்கூட்டி எழுதிவைத்த வரி கிடையாது. பாடுகிறவர், கேட்கிறவர் என்ற பிரிவு கிடையாது. உடலும் குரலும் மூச்சும் ஒன்றாகிக் கவிதையாகும். நிகழ்த்துக் கவிதை பற்றிய கட்டுரைகள் எவற்றையெல்லாம் புதுமை என்று பட்டியல் போடுகின்றனவோ, அவை எல்லாம் எழவு வீட்டு வாசலில் இருந்தன. பெண்கள் செய்தபோது அதற்கு நாட்டார் வழக்காறு என்று பெயர். ஓர் ஆண் மேடையில் செய்தால் பரிசோதனை.

அவரை மட்டும் குற்றம் சொல்லி நான் தப்பித்துக்கொள்ள முடியாது. என் முனைவர் பட்டத்துக்காகக் கையில் ஒலிப்பதிவுக் கருவியோடு ஊர் ஊராகப் போனவள் நான். எத்தனையோ பெண்கள் எனக்காகப் பாடினார்கள். சாவு இல்லாத வீட்டில் ஒப்பாரி பாடக் கூடாது என்பதால் ஊருக்கு வெளியே கிணற்றுமேட்டுக்கு என்னைக் கூட்டிப்போய்ப் பாடியவர்களும் உண்டு. ஆய்வேட்டின் பின்னிணைப்பில் அவர்களை எப்படிக் குறித்தேன் தெரியுமா? தகவலாளி எண் 7, பெண், வயது 62. பாட்டைக் கட்டியவளைத் தகவல் கொடுத்தவளாக்கினேன். அந்த ஏடு என்னை முனைவராக்கியது. எண் 7 இன்றும் எண் 7தான்.

தமிழில் நிகழ்த்துகிறவள் ஒரு காலத்தில் பெண்ணாக இருந்தாள். விறலி, பாடினி என்ற சொற்கள் சங்க இலக்கியத்தில் கிடக்கின்றன. வகுப்பில் அவற்றுக்குப் பொருள் எழுதிப்போட்டு, தேர்வுக்கு இரண்டு மதிப்பெண் வினாவாக்கிவிடுகிறோம். ஔவையார் பெயரில் மட்டும் 59 சங்கப் பாடல்கள் இருக்கின்றன. பிற்காலத்தில் பொதுவெளியில் ஆடவும் பாடவும் செய்த பெண்ணின் இடம் என்னவாக ஆனது என்பதும் நமக்குத் தெரியும். முத்துலட்சுமி ரெட்டியும் மூவலூர் இராமாமிர்தமும் போராடியதன் தொடர்ச்சியாக 1947-இல் பொட்டுக்கட்டுதல் சட்டப்படி தடைசெய்யப்பட்டது. நியாயமான போராட்டம், நியாயமான சட்டம். ஆனால் மேடை ஏறும் பெண்ணைப் பார்க்கும் பார்வையைச் சட்டம் மாற்றவில்லை. அவள் எந்த வீட்டுப் பெண், யார் அனுப்பினார்கள், எத்தனை மணிக்குத் திரும்புவாள் என்று அந்தப் பார்வை இன்றும் கணக்குக் கேட்கிறது.

சேலத்துக்குப் பரிசோதனை புதிதல்ல. 1968-இல் 'நடை' என்ற சிற்றிதழ் இந்த ஊரிலிருந்துதான் வந்தது. சி. மணியின் ஊர் இது. ந. முத்துசாமியின் 'காலம் காலமாக' நாடகம் அந்த இதழில்தான் வெளியானது. அதைப் பெருமையோடு மாணவிகளுக்குச் சொல்கிறேன். சொல்லும்போதே அவர்கள் கேட்கிறார்கள்: "மேம், அதில் பெண்கள்?" 'நடை' என்றதும் நாம் ஒப்பிக்கும் பெயர்கள் எல்லாம் ஆண்பெயர்கள். மறுபக்கம், ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவைத் தாண்டும்போதெல்லாம் இங்கே வசனமும் பாட்டும் எழுதிப் பெரியவர்களான ஆண்களின் கதையை யாராவது சொல்லுவார்கள். சிற்றிதழ் ஒரு மரபு, மேடைத் தமிழ் ஒரு மரபு. இரண்டும் ஒன்றையொன்று திட்டிக்கொண்டன. எழுத்தில் வளர்ந்த புதுக்கவிதை கவியரங்கத்தைக் கூச்சல் என்றது. கவியரங்கம் புதுக்கவிதையைப் புரியாத முனகல் என்றது. இந்தச் சண்டையில் பெண் எந்தப் பக்கமும் இல்லை. கவியரங்கத்தில் அவளுக்கு ஒரு நாற்காலி, பெரும்பாலும் ஓரத்து நாற்காலி.

ஆகவே நம் பெண்கள் அச்சின் வழியாக வந்தார்கள். 1986-இல் யாழ்ப்பாணத்திலிருந்து 'சொல்லாத சேதிகள்' வந்தது. இரண்டாயிரத்தை ஒட்டிய ஆண்டுகளில் மாலதி மைத்ரி, சல்மா, குட்டி ரேவதி, சுகிர்தராணி என்று ஒரு வரிசை எழுந்தது. குட்டி ரேவதியின் தொகுப்பு 2002-இல் 'முலைகள்' என்ற தலைப்போடு வந்தபோது என்ன நடந்தது என்று உங்களுக்கு நினைவிருக்கும். நினைவில்லாத வயதுள்ளவர்கள் அம்மாவிடம் கேட்க வேண்டாம், நூலகத்தில் தேடுங்கள். தாளில் அச்சான ஒரு சொல்லுக்கே அத்தனை வசை. அதே சொல்லை ஒரு பெண் தன் உடலோடு, தன் வாயால், நூறு பேர் முன்னால் சொல்வதென்றால் அதற்கு எவ்வளவு துணிவு வேண்டும்! துணிவை அவளிடம் கேட்கிறோம். பாதுகாப்பை நாம் தருகிறோமா?

இங்கே ஒரு மாணவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் அடையாளம் தெரியாத அளவுக்கு மட்டும் சொல்கிறேன். நகரத்தில் ஒரு திறந்தமேடைக் கவிதை வாசிப்பு. நான்தான் போகச் சொன்னேன். மாதவிடாய் நாட்களில் வீட்டின் பின்கட்டில் தனித் தட்டோடு உட்கார்ந்திருப்பதைப் பற்றி அவள் வாசித்தாள். நன்றாக வாசித்தாள். யாரோ கைப்பேசியில் அதில் நாற்பது நொடியை எடுத்து எங்கோ போட, அது சுற்றிச் சுற்றி அவள் சித்தப்பாவின் கைப்பேசிக்கு வந்துசேர்ந்தது. அடுத்த திங்கட்கிழமை அவள் வகுப்புக்கு வரவில்லை. அந்தப் பருவத் தேர்வையும் எழுதவில்லை. ஏற்பாட்டாளர்களைக் கேட்டேன். "பொது நிகழ்ச்சி மேடம், யார் வீடியோ எடுக்கறாங்கன்னு நாங்க எப்படிப் பார்க்க முடியும்?" என்றார்கள். ஒலிபெருக்கியின் அளவைப் பார்க்க முடிந்தது, பேனரில் எழுத்துப்பிழை பார்க்க முடிந்தது. இதை மட்டும் பார்க்க முடியவில்லை.

ஓர் ஆண்டு கழித்து அவள் படிப்பைத் தொடர்ந்தாள். அவள் வீட்டுக்கு நான் மூன்று முறை போனேன். முதல் முறை தண்ணீர்கூடத் தரவில்லை. அவர்கள் கோபத்தில் பாதி எனக்குரியது என்பதை ஒப்புக்கொள்கிறேன். மேடையைக் காட்டிவிட்டு, மேடையிலிருந்து வீடு வரைக்குமான வழியைப் பற்றி யோசிக்காமல் விட்டவள் நான்.

அதற்குப் பிறகுதான் நாங்களே கூடத் தொடங்கினோம். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதியம் இரண்டரையிலிருந்து ஐந்து வரை. சமைத்துக் கழுவிக் கவிழ்த்த பிறகு, மாலை விளக்கேற்றுவதற்கு முன் இருக்கும் அந்த நேரம்தான் எங்கள் பக்கத்துப் பெண்களுக்குக் கொஞ்சம் சொந்தமானது. முதல் கூட்டங்கள் என் வீட்டு மாடித் தகரக் கொட்டகையில் நடந்தன. சிறப்பு விருந்தினர் கிடையாது, பொன்னாடை கிடையாது. கைப்பேசிகள் எல்லாம் வாசலில் ஒரு முறத்தில். குழந்தைகள் வரலாம், அழலாம். இடம் பார்க்கும்போது முதலில் கழிப்பறையைப் பார்ப்போம், அதற்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா என்று பார்ப்போம்.

சேலத்துக் கொலுசுக்குப் பெயர் உண்டு. பட்டறைகளுக்காக வீட்டிலிருந்தே கூலிக்கு வேலை செய்கிற பெண்கள் பலர். அவர்களில் சிலர் கையோடு வேலையைக் கொண்டுவந்தார்கள். ஒரு மாணவி வாசிக்க, தட்டில் சலங்கை முத்துகள் உருளும் ஓசை கூடவே வந்தது. அவள் நிறுத்தினால் ஓசையும் நின்றது. யாரும் திட்டமிடவில்லை. "நீங்க படிங்க டீச்சர், எங்களுக்கு என்ன தெரியும்" என்று ஆறு மாதம் சொல்லிக்கொண்டிருந்த ஒரு அக்கா, ஒரு நாள் வரதட்சணை பற்றிய கவிதை முடிந்ததும் தலைநிமிராமலே மெட்டெடுத்துப் பதில் பாடினார். தன் மாமியாரின் நகைக் கணக்கைப் பாடினார். சிரித்துச் சிரித்துக் கண்ணீர் வந்தது. அந்த மாணவி அடுத்த மாதம் தன் கவிதையைத் திருத்திக்கொண்டு வந்தாள். அக்காவின் கணக்கு அவள் கவிதையைவிடத் துல்லியமாக இருந்ததாம்.

எல்லாம் நன்றாக நடந்தது என்று சொல்ல மாட்டேன். முதல் நான்கு கூட்டங்களுக்குக் காலனிப் பெண்கள் ஒருவரும் வரவில்லை. அழைத்தும் வரவில்லை. என் வீட்டு மாடிப்படி யாருக்குச் சுலபமானது, யாருக்கு இல்லை என்று எனக்கு அதுவரை உறைக்கவே இல்லை. கேட்டபோது ஒரு பெண் சொன்னார்: "நீங்க கூப்பிடுவீங்கம்மா, உங்க தெரு கூப்பிடணுமே." கூட்டத்தை ஒரு வேப்பமரத்தடிக்கு மாற்றினோம். அதனால் வராமல் நின்றவர்களும் உண்டு. ஆணுக்கு எதிராக நேரத்தைக் கேட்ட நான், என் சாதிக்கு எதிராக இடத்தைக் கேட்கத் தாமதமானேன். பெண்வெளி என்று நாம் சொல்லும்போது எந்தப் பெண்ணின் வெளி என்று சேர்த்துக் கேட்காவிட்டால், அதுவும் ஆறு மணிக் கூட்டம் போன்றதுதான்.

நண்பர்கள் எங்களிடம் சொல்லும் மறுப்புகள் மூன்று. முதலாவது, இது கவிதை நிகழ்வாக இல்லாமல் மகளிர் குழுக் கூட்டமாகிவிடும். ஆகட்டும். உங்கள் நிகழ்வுகள் ஆண்கள் குழுக் கூட்டமாக இத்தனை ஆண்டு நடந்தபோது கவிதைக்கு ஒன்றும் ஆகவில்லையே? இரண்டாவது, தரம் குறையும். பதினோரு பேரில் ஒன்பது ஆண்களைத் தேர்ந்தெடுத்த அன்று தரத்தை எந்தப் படியால் அளந்தீர்கள்? மூன்றாவது, பதிவு செய்யாவிட்டால் வரலாற்றில் இருக்காது. இது யோசிக்க வேண்டிய மறுப்பு, ஏனென்றால் எண் 7 வரலாற்றில் காணாமல் போனது எப்படி என்று எனக்குத் தெரியும். அதனால் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். பாடியவர், தான் விரும்பினால், தன் பெயரைத் தானே எழுதுவார் அல்லது எழுதச் சொல்வார். ஒலிப்பதிவு வேண்டுமா என்பதையும் அவரே சொல்வார். பதிவு வேண்டாம் என்பதும் ஒரு படைப்பாளியின் முடிவு.

இன்று நம் நகரங்களில் ஸ்லாம் என்ற பெயரில் நடக்கும் வாசிப்புகளின் மூலம் சிகாகோ. 1980களில் மார்க் ஸ்மித் என்ற கட்டுமானத் தொழிலாளி அங்கே ஒரு மதுக்கூடத்தில் தொடங்கியது. கல்விமான்களின் கவிதை வாசிப்பு சலித்துப்போய், எளிய மக்கள் கூடும் இடத்துக்குக் கவிதையைக் கொண்டுபோனார். பார்வையாளர்களில் சிலரையே நடுவராக்கினார். யார் உள்ளே வரலாம், யார் தீர்ப்புச் சொல்லலாம் என்பதை மாற்றியதுதான் அங்கே நடந்த பரிசோதனை. நாம் அதிலிருந்து மைக் பிடிக்கும் விதத்தை எடுத்துக்கொண்டோம்.

இதை வாசிக்கும் மாணவிகளுக்கு ஒன்று சொல்கிறேன். உங்களை ஒரு மேடைக்கு அழைத்தால் பெருமைப்படுங்கள், உடனே சரி என்று சொல்லிவிடாதீர்கள். எத்தனை மணிக்கு முடியும், வீட்டுக்கு எப்படித் திரும்புவது, வண்டிக்கு யார் பணம் தருவது, யார் படம் பிடிக்கிறார்கள், என்னைக் கேட்காமல் வெளியிடுவார்களா, எத்தனை பெண்கள், எந்தெந்தப் பெண்கள் என்று கேளுங்கள். கேட்டால் திமிர் பிடித்தவள் என்பார்கள். இரண்டு முறை கேட்டால் பழகிவிடும், அவர்களுக்கும் உங்களுக்கும்.

கறுப்பு அழைப்பிதழ்க்காரர்கள் இந்த ஆண்டும் அழைத்தார்கள். இந்த முறை கவிதை வாசிக்க. மேலே சொன்ன கேள்விகளை எழுதி அனுப்பினேன். இன்னும் பதில் வரவில்லை. சித்தப்பாவின் கைப்பேசியில் சிக்கிய அந்தப் பெண் எங்கள் கூட்டங்களுக்கு வருகிறாள். கைப்பேசிகள் உள்ள முறத்தை அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். இதுவரை வாசிக்கவில்லை. வாசி என்று நாங்கள் யாரும் கேட்கவுமில்லை.

கலைக்கு நேரம் காலம் ஏது என்று கேட்டவருக்கு என் பதில் இதுதான்: நேரம் உண்டு சார். எங்கள் பக்கம் அது ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டரை மணி. நீங்களும் வரலாம், வந்து கேட்கலாம்.