கட்டுப்பாடா, நெறிப்பாடா?

அறிவியலைத் தமிழில் எழுதுவோர் சிலர் 'கட்டுப்பாட்டு மரபணு' என்றொரு தொடரை வழங்குகின்றனர். பிற மரபணுக்கள் எப்போது இயங்க வேண்டும், எப்போது அடங்க வேண்டும் என முடிவு செய்யும் மரபணுவுக்கு இட்ட பெயர் அது. தமிழாசிரியனாகிய எனக்கு அப்பெயரின்பால் மனக்குறை உண்டு. 'கட்டுப்பாடு' என்றவுடன் தடுத்தல் என்ற பொருளே மாணவர் நெஞ்சில் முந்தி நிற்கிறது. "அது உயிரை வளரவிடாமல் தடுக்குமா ஐயா?" என்று என் வகுப்பு மாணவர் ஒருவர் வினவியதுண்டு. குற்றம் அவருடையதன்று, சொல்லினுடையது.

மண்ணில் வாழும் பேசில்லஸ் சப்டிலிஸ் என்னும் பாக்டீரியாவைக் காண்போம். 1872இல் பெர்டினாண்டு கோன் இதற்கு இப்பெயரை இட்டார். 1997இல் இதன் மரபணுத் தொகுதி முழுவதும் படித்தறியப்பட்டது. சற்றேறக்குறைய 4,100 மரபணுக்கள். அனைத்தையும் எந்நேரமும் இயக்குவது வீண்செலவு அன்றோ?

மண் வாழ்வு எளிதன்று. வெயிலில் சூடேறும், நீர் வற்ற உப்பு மிகும், உணவு குன்றும். இவ்விடர்களைத் தாங்க உதவும் நூற்றுக்கு மேற்பட்ட மரபணுக்களை எழுப்புவது சிக்மா-பி என்னும் புரதம். அமைதிக் காலத்தில் ஆர்.எஸ்.பி.டபிள்யூ. என்னும் மற்றொரு புரதம் அதனைப் பற்றிப் பிடித்திருக்கும். இடர் நேர்ந்ததும் ஆர்.எஸ்.பி.வி. என்னும் மூன்றாவது புரதம் அப்பிடிகாரனைத் தன்பால் இழுத்துக்கொள்ளும். சிக்மா-பி விடுபட்டுச் செயற்களம் புகும். (பெயர்கள் தமிழ்ச் செவிக்குப் பகையானவைதாம், பொறுத்தருள்க!) இம்மூன்றன் மரபணுக்களும் அடுத்தடுத்தே அமைந்துள்ளன. விடுபட்ட சிக்மா-பி தன்னைப் பிடிப்பவனின் மரபணுவையும் சேர்த்தே எழுப்புகிறது என்பது என்னை மிகவும் ஈர்த்த செய்தி. விடுதலையும் பிடிப்பும் அங்கே ஒரே கையில் உள்ளன.

பட்டினி நீடித்தால் ஸ்போ-சுழி-ஏ என்னும் வேறொரு புரதம் பொறுப்பேற்கும். தாய்ச்செல் தன்னுள் ஒரு வித்தினை உருவாக்கித் தான் மடியும். ஆய்வகத்தில் இதற்கு ஏறத்தாழ எட்டு மணி நேரம் ஆகிறது. ஆயினும் இது எளிதில் மீள முடியாத வழியாதலின், இப்புரதம் விழித்த செல்கள் அதனைத் தள்ளிப்போட முயல்கின்றன. அருகிலுள்ள உடன்பிறப்புகளைக் கொன்று அவற்றின் சத்தை உண்கின்றன என 2003இல் வெளியான ஆய்வு காட்டியது.

பிடித்தல், விடுத்தல், எழுப்புதல், தள்ளிப்போடுதல் எனும் இத்தனை வினைகளையும் 'கட்டுப்பாடு' எவ்வாறு தாங்கும்? வழக்கில் வேரூன்றிய சொல்லை மாற்றலாகாது என்பர் அறிவியல் துறை நண்பர்கள். வழக்கு வலியதே. எனினும் கலைச்சொல் முதன்முதலாக ஒலிப்பது வகுப்பறையில். அங்கே பிழைபட்ட பொருள் பின்னர் நேராவது அரிது. 'நெறிப்படுத்தும் மரபணு' என்பது என் முன்மொழிவு. இதனினும் சிறந்த சொல்லைத் தாவரவியல் துறையினர் தருவாராயின் முதலில் எடுத்தாள்பவன் யானே.