இரண்டு அக்டோபர்களும் ஒரு சட்டி சூப்பும்

2024 அக்டோபரில் நாட்டின் காய்கறி விலை, முந்தைய ஆண்டின் அதே மாதத்தைக் காட்டிலும் 42.18 சதவீதம் உயர்ந்திருந்ததாக நுகர்வோர் விலைக் குறியீடு கூறியது. 2025 அக்டோபரில் அதே குறியீடு, காய்கறி விலை ஓராண்டில் 27.57 சதவீதம் சரிந்துவிட்டதாகக் கூறியது. இரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டால் ஒரு விந்தை புலப்படும். 2023 அக்டோபரில் 100 ரூபாய்க்குக் கிடைத்த காய்கறி, ஓராண்டு கழித்து 142 ரூபாய். மேலும் ஓராண்டு கழித்து 103 ரூபாய். தொடக்கத்தையும் முடிவையும் மட்டும் பார்ப்பவருக்கு, ஈராண்டுகளில் ஏறியது மூன்றே ரூபாய். ஏதும் நடக்கவில்லை என்றே தோன்றும்.

நடந்ததெல்லாம் சமையலறையில் நடந்தது. அதை எந்தக் குறியீடும் பதிவு செய்வதில்லை.

விலை ஏறும்போதெல்லாம் இல்லத்தரசிகளுக்குச் சிக்கன யோசனை சொல்வது நம் ஊடகங்களின் வழக்கம். மிஞ்சியதைக் கொண்டு சூப் வையுங்கள் என்பது அவற்றுள் அடிக்கடி காதில் விழுவது. நான் இதை எள்ளி நகையாடப் போவதில்லை. ஓய்வு பெற்ற பின் வாரம் இருமுறை எங்கள் வீட்டில் சூப் வைப்பவன் நானே. ஆயினும், பொருளாதாரம் கற்பித்தவன் என்ற முறையில் அந்தச் சட்டிக்குள் இருக்கும் கணக்கைச் சற்று விரித்துப் பார்க்க விரும்புகிறேன்.

தேநீர் விலை ஏறினால் மக்கள் காப்பிக்கு மாறுவார்கள் என்பது பதிலீட்டு விளைவுக்குப் பாடநூல் தரும் எடுத்துக்காட்டு. நம் அன்றாடச் சமையலில் இது அத்தனை எளிதன்று. தக்காளித் தொக்குக்குத் தக்காளிதான் வேண்டும்; வெங்காய சாம்பாருக்கு வெங்காயம்தான் வேண்டும். பண்டத்தின் பெயரே காயைக் கட்டாயமாக்கிவிடுகிறது. சூப்புக்கு அத்தகைய கட்டாயம் ஏதுமில்லை. அன்றைக்கு எது மலிவோ அதுவே அதன் காய். மிச்சத்தைப் பயன்படுத்துவதைவிட, எந்தக் காயையும் சார்ந்திராமல் இருப்பதே சூப்பின் மெய்யான சிக்கனம் என்பேன். (அமெரிக்கக் கண்டத்திலிருந்து தக்காளி வந்து சேர்வதற்கு முன் நம் ரசமும் புளியையும் மிளகையும் நம்பியே இருந்தது. அந்த மிளகுத் தண்ணீரைத்தான் ஆங்கிலேயர் 'முலிகட்டானி' என்று பெயர் திரித்துச் சூப்பாக்கிக்கொண்டனர்.)

என் சட்டியில் சேர்பவை இவை: முட்டைக்கோஸின் வெளியிலைகள், காலிஃபிளவர் தண்டு, முள்ளங்கிக் கீரை, கொத்தமல்லித் தண்டு, இளம் பீர்க்கங்காயின் தோல். சந்தையில் பாதிக்கு மேல் குப்பைக்குப் போகிறவை. அவற்றுடன் ஒரு கைப்பிடி பாசிப்பருப்பு. குழைவுக்கு மதியம் மிஞ்சிய சோறு ஒரு கரண்டி. மிளகு, சீரகம், பூண்டு. முன்பு வீடுகளில் சோறு வடித்த கஞ்சியே இதற்கு அடித்தளமாக இருந்தது. குக்கர் வந்தது, வடிப்பது நின்றது, கஞ்சியும் மறைந்தது. எரிபொருளை மிச்சப்படுத்திய ஒரு கருவி, செலவின்றிக் கிடைத்த ஓர் உணவை எடுத்துக்கொண்டுவிட்டது.

காய் வாங்க நான் செல்வது மாலை மங்கும் நேரத்தில். பொருளியலறிஞர் ஆல்பிரட் மார்ஷல், மிகக் குறுகிய காலத்தில் அழுகும் பொருளின் அளிப்பை மாற்ற இயலாது என்பதை மீன் சந்தையைக் கொண்டு விளக்கினார். கீரைக்காரம்மாவுக்கு அது படிக்காமலே தெரியும். காலையில் இருபது ரூபாய்க்கு விற்ற கட்டை, இருட்டும்போது பத்துக்குத் தருவார். விடிந்தால் அது ஆட்டுத் தீனி. சில நாள்களில் அந்த நஷ்டத்தைப் பார்த்துப் பேரம் பேசாமல் வந்துவிடுவதும் உண்டு.

நால்வருக்கான சூப்புக்கு என் கணக்கில் காய் 15 ரூபாய், பருப்பு 6, மிளகு முதலியவை 4, எரிவாயு 5; ஆக 30 ரூபாய். கிண்ணம் ஏழரை ரூபாய். மலிவுதான். ஆனால் ஆய்வது, கழுவுவது, நறுக்குவது, கடைவது என்று முக்கால் மணி நேரம் ஆகிறது. தமிழ்நாட்டில் 2025-26இல் ஊரக வேலை உறுதித் திட்டத்தின் நாள் கூலி 336 ரூபாய். எட்டு மணி நேர வேலை என்று கொண்டால், அந்த முக்கால் மணியின் மதிப்பு 31 ரூபாய் 50 காசு. இந்தக் குறைந்த கூலியைக்கொண்டு அளந்தாலும், உழைப்பின் விலை மொத்தப் பொருளின் விலையைத் தாண்டிவிடுகிறது. ஓய்வூதியம் பெறும் எனக்கு அது பொழுதுபோக்கு. மற்ற வீடுகளில் யாருடைய நேரம் அது? 2024ஆம் ஆண்டின் காலப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமில்லா வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்கு அதில் செலவிடுவது 289 நிமிடங்கள். ஆண்கள் 88 நிமிடங்கள். விலையேற்றத்தைச் சிக்கனத்தால் சமாளியுங்கள் என்பதன் பொருள், அந்த 289ஐ இன்னும் கூட்டுங்கள் என்பதே.

இன்னொன்றும் உண்டு. மிச்சம் இருக்கும் வீட்டில்தான் மிச்சத்தைக்கொண்டு சமைக்க முடியும். இந்திய வீடுகளில் ஆளுக்கு ஆண்டுதோறும் 55 கிலோ உணவு வீணாவதாக ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2024ஆம் ஆண்டு அறிக்கை மதிப்பிட்டது. மேடைகளில் அதிகம் எடுத்தாளப்படும் எண் இது. தோல், கொட்டை, எலும்பு போன்ற உண்ண இயலாதவையும் அதில் அடக்கம் என்பதையும், அது எல்லா வீடுகளின் சராசரி என்பதையும் சொல்வோர் குறைவு. அன்றன்று வாங்கி அன்றன்று தீர்க்கும் கூலித் தொழிலாளியின் வீட்டில் 55 கிலோ எங்கிருந்து வரும்? அங்கே விலை ஏறினால் காய் குறையும், அவ்வளவே.

விலை ஏறினாலாவது விவசாயி பிழைக்கிறாரா என்றால் அதுவும் இல்லை. நுகர்வோர் தக்காளிக்குக் கொடுக்கும் ஒரு ரூபாயில் விவசாயியைச் சேர்வது ஏறத்தாழ 33 காசு என்று ரிசர்வ் வங்கியின் 2024ஆம் ஆண்டு ஆய்வுத்தாள் ஒன்று மதிப்பிட்டது. வெங்காயத்துக்கு 36, உருளைக்கிழங்குக்கு 37. இம்மூன்றின் விலை ஊசலைத் தணிக்கவே 2018-19 நிதிநிலை அறிக்கையில் 500 கோடி ரூபாயில் 'ஆபரேஷன் கிரீன்ஸ்' அறிவிக்கப்பட்டது. அதற்குப் பின்னும் மேற்சொன்ன இரண்டு அக்டோபர்களும் வந்து போயின.

என்னை உறுத்துவது நாட்டின் மிகப் பெரிய பொதுச் சமையலறையான பள்ளி மதிய உணவு. மத்தியத் திட்டத்தின்கீழ், தொடக்கப் பள்ளிக் குழந்தை ஒன்றுக்கு நாளொன்றுக்குப் பருப்பு, காய்கறி, எண்ணெய், மசாலாப் பொருள்கள், எரிபொருள் ஆகிய அனைத்துக்குமாக 2022 அக்டோபரில் நிர்ணயிக்கப்பட்ட தொகை 5 ரூபாய் 45 காசு. அது 6 ரூபாய் 19 காசாக உயர்த்தப்பட்டது 2024 டிசம்பரில். இடைப்பட்ட 26 மாதங்களில்தான் காய்கறி விலை 2023 ஜூலையில் 37.34 சதவீதமும் 2024 அக்டோபரில் 42.18 சதவீதமும் ஏறியது. குழந்தைக்கு 20 கிராம் பருப்பும் 50 கிராம் காய்கறியும் 5 கிராம் எண்ணெயும் தரவேண்டும் என்பது விதி. பருப்பு கிலோ 150 ரூபாய் என்றால் 20 கிராமுக்கே 3 ரூபாய் போய்விடும். எண்ணெய் 60 காசு. மீதி 1 ரூபாய் 85 காசில், கிலோ 40 ரூபாய்க் காயை 50 கிராம் வாங்கவும் முடியாது. அடுப்பு எரிப்பது எதைக்கொண்டு? தமிழ்நாடு முட்டை தருகிறது. மாநிலங்கள் தம் பங்குக்குக் கூடுதலாகவும் செலவிடலாம். அடிப்படைத் தொகையின் குறை அதனால் மறைந்துவிடாது.

அமைப்பாளர் என்ன செய்வார்? நான் செய்வதையே செய்வார்: மலிவான காயைத் தேடுவார், நீரைக் கூட்டுவார். என் சூப்பில் நீர் கூடினால் எனக்கு நஷ்டமில்லை. இரவு வேறு உணவு உண்டு. பல குழந்தைகளுக்கு அந்தச் சாம்பார்தான் அன்றைய முதன்மையான காய்கறி.

இதற்குப் புதிதாக எதையும் கண்டுபிடிக்கத் தேவையில்லை. தொகையை உயர்த்தும்போது, தொழிலாளர் பணியகம் தரும் ஊரகத் தொழிலாளர் விலைக் குறியீட்டைத்தான் அரசு அடிப்படையாகக் கொள்கிறது. அந்தக் குறியீடு மாதந்தோறும் வெளியாகிறது. அகவிலைப்படியை ஆண்டுக்கு இருமுறை திருத்துகிற அரசு, குழந்தையின் காய்கறிக்கும் அதே ஜனவரி, ஜூலைத் தவணைகளை வகுக்கலாம். ஓய்வூதியராகிய எனக்கு அகவிலை நிவாரணம் அப்படித்தான் கூடிவருகிறது.