‘சீன் போடறா’ன்னு சொல்லாதீங்க

தன்னையே காயப்படுத்திக்கிற பசங்களைப் பத்தி எங்க திருமழிசைப் பக்கம் ரெண்டே பேச்சுதான்: ‘லவ் ஃபெயிலியர்’, இல்லேன்னா ‘சீன் போடறா’. சீன் போடறவ எதுக்குங்க இந்த வெயில்லயும் முழுக்கைச் சட்டைக்குள்ள மறைக்கணும்?

நிறைய பேருக்கு இது சாகறதுக்கான முயற்சி இல்ல; தாங்க முடியாத மனசைக் கொஞ்ச நேரம் அடக்கற வழி. அந்த நிம்மதி நிக்காது, அதான் திரும்பவும் நடக்குது. பின்னாடி தற்கொலை ஆபத்தும் கூடுது, அதனால சும்மா விடவும் முடியாது.

ஜெகந்நாதப் பெருமாள் மேல சத்தியம் வாங்கினா (நம்மாளுங்களுக்கு ரொம்பப் பிடிச்ச வைத்தியம்!) இன்னும் நல்லா ஒளிப்பாங்க, அவ்ளோதான். முதல்ல காயத்துக்கு மருந்து போடுங்க. அப்புறம் ‘சாகணும்னு தோணுதா?’ன்னு நேராவே கேளுங்க. கேட்டா தூண்டிவிட்ட மாதிரி ஆகாது. சென்னைல 1986-லேர்ந்து இருக்கிற சிநேகா, அரசோட டெலி மானஸ் 14416, ரெண்டுலயும் தமிழ்லயே பேசலாம். அவ பேசும்போது பக்கத்துல உக்காருங்க.