பெண்பனைக்கு அனுமதி, வேம்புக்கு வாள்

பலா, ஈரப்பலா, பெண்பனை. ‘அனுமதி எடுக்காம வெட்டக்கூடாது’ என்று நம்மட ஊரில் யாரைக் கேட்டாலும் இந்த மூன்றைத்தான் சொல்வார்கள். 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டத்தால் வந்த பழக்கம் அது. அரிசி தட்டுப்பட்டா பலாக்காயும் ஈரப்பலாவும் பனங்கிழங்கும் வயிற்றைக் காக்கும்; சட்டத்தின் கணக்கை நாங்கள் அப்படித்தான் விளங்கிக்கொள்கிறோம். அதில் பிழையில்லை. ஆனா அந்தச் சாப்பாட்டுக் கணக்கை வைத்து இன்றைய வெயிலைச் சமாளிக்க ஏலாது.

சொறிக்கல்முனையிலிருந்து கிட்டங்கித் தாம்போதியால் கல்முனைக்குச் சைக்கிள் மிதிக்கிறவர்களைக் கேளுங்கள். மாரியில் வெள்ளம், கோடையில் வெட்டவெளி. ஊருக்குள் வந்தால்தான் ஒரு வேம்பு, ஒரு புளி, ஒரு வாகை. இந்தச் சட்டத்தின் கண்ணில் இவை மரங்களே இல்லை. வளவில் நிற்கிற ஐம்பது வருச வேம்பை, மதிலுக்கு இடைஞ்சல் என்று காலையில் தறித்துப் பின்னேரம் விறகாக்கலாம். “என்ட காணி, என்ட மரம், நீங்க யாரு கேக்க?” என்றால் நாங்கள் வாயை மூடிக்கொண்டு வரவேண்டியதுதான்.

பனையின் கதை இன்னும் வேடிக்கை. பெண்பனைக்குக் காவல், ஆண்பனைக்கு இல்லை. ஆண்பனையின் மகரந்தம் இல்லாமல் பெண்பனை எப்படிக் காய்க்கும்? வடலி ஆணா பெண்ணா என்று தெரிய அது பாளை விடவேண்டும். அதுக்குப் பன்னிரண்டு, பதினைந்து வருசம் போகும். அதுவரைக்கும் வடலியை வெட்டுகிறவனிடம் என்னத்தைச் சொல்லி மறிக்கிற?

எல்லா மரத்துக்கும் சட்டம் போட்டா மட்டும் காணுமா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. மகாராஷ்டிராவில் நகர்ப்புற மரங்களுக்கென்றே 1975இல் சட்டம் வந்தது. அப்படியிருந்தும் மும்பைப் புறநகர் ஆரேயில், 2019 ஒக்டோபர் 4ஆம் திகதி உயர்நீதிமன்றம் மனுக்களைத் தள்ளிய அன்றிரவே மெட்ரோ பணிமனைக்காக வாள் இறங்கியது. 7ஆம் திகதி உச்சநீதிமன்றம் மறிக்கும்போது இரண்டாயிரத்துக்கு மேல் சாய்ந்துவிட்டன. சட்டம் அங்கே தோற்றதுதான். ஆனா மறுப்புச் சொல்லவும் வழக்கு வைக்கவும் சனத்துக்கு ஒரு வாசல் இருந்தது. நமக்கு அந்த வாசலே இல்லை.

இன்னொரு வாதம்: மரம் விழுந்தா ஆள் சாகுமே? ஓம், சாகும். 2023 ஒக்டோபர் 6ஆம் திகதி கொள்ளுப்பிட்டியில் பஸ் மேல் மரம் விழுந்து 5 பேர் இறந்தார்கள். அதுக்காகத்தான் மரங்களை விசயம் தெரிந்தவர் பார்க்கவேண்டும் என்கிறோம். உழுத்தது எது, நிற்கக்கூடியது எது என்று வாள்காரனா முடிவெடுக்கிற?

1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் உபவிதி ஆக்கும் அதிகாரத்தைச் சபைக்குக் கொடுத்திருக்கிறது. நாவிதன்வெளிப் பிரதேச சபை உறுப்பினர்களே, ஜூன் 5ஆம் திகதி கன்று நட்டுப் படம் எடுக்கிறீர்கள், சந்தோசம். அந்தக் கன்று வளர்ந்த பிறகு அதைக் காப்பாற்ற ஒரு உபவிதி எழுதுங்கள். இவ்வளவு சுற்றளவுக்கு மேற்பட்ட மரமென்றால், அது எந்தச் சாதியாக இருந்தாலும், வெட்டுமுன் சபைக்கு அறிவிக்கவேண்டும். காரணத்தை எழுதிப் பதினான்கு நாள் அந்த மரத்திலேயே தொங்கவிடவேண்டும், றோட்டால் போகிற பிள்ளையும் வாசிக்கிற மாதிரி, தமிழில்.