தமிழுக்கு மகுடம், தமிழனுக்கு?



2009இல் சிங்கப்பூரை விட்டு வந்தவன், அண்மையில்தான் மீண்டும் சென்றேன். அன்று முடியாதிருந்த மெரினா பே சாண்ட்ஸ், 2010இல் திறக்கப்பட்டு, மூன்று கோபுரமாய் வானை முட்டி நிற்கிறது! நாணயத்தைப் புரட்டினேன், நான்கு மொழிகளில் ஒன்றாக நம் தமிழ். ஆட்சிமொழியல்லவா! நெஞ்சு நிமிர்ந்தது.

பொழுது விடிந்தது. சாலையில் லாரி. சரக்கேற்றும் தட்டிலே தமிழரும் வங்காளத் தோழரும்! மேலே கூரை உண்டு. உட்கார இருக்கை இல்லை. அன்று கண்ட அதே காட்சி! 2020இல் கொரோனா பரவியபோது மாதக்கணக்கில் விடுதிக்குள் அடைபட்டவர்களும் இவர்களே.

மொழிக்கு மகுடம் சூட்டிய மாநகரை மனமார வாழ்த்துகிறோம். கூடவே கேட்கிறோம்: கோபுரம் எழுப்பிய கைகளுக்கு அரியணையா கேட்டோம்? வேலைக்குப் போக ஒரு பேருந்து இருக்கை! அதுவுமா அரிது?