எண்ணெய்த் தீர்வையும் ஏழையின் அடுப்பும்

2025 மே 30ந் தேதியன்று மத்திய சர்க்கார் ஓர் உத்தரவு பிறப்பித்தது. கச்சா பாமாயில், சோயா எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் ஆகிய மூன்றின் மீதும் இருந்த அடிப்படை இறக்குமதித் தீர்வை 20 சதவிகிதத்திலிருந்து 10 சதவிகிதமாகக் குறைக்கப்பட்டது. விலைவாசி உயர்வால் அவதிப்படும் குடும்பங்களுக்கு இது நிவாரணம் என்றார்கள்.

அதற்கு எட்டு மாதங்களுக்கு முன்னால், 2024 செப்டம்பர் 14ந் தேதியன்று, இதே சர்க்கார்தான் இதே எண்ணெய்களின் அடிப்படைத் தீர்வையைச் சூனியத்திலிருந்து 20 சதவிகிதமாக உயர்த்தியது. அப்போது சொன்ன காரணம், விவசாயிகளின் நன்மை. ஏற்றினாலும் நன்மை, இறக்கினாலும் நன்மை! இந்த இரண்டு நன்மைகளும் யார் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தன என்பதைத்தான் நாம் பார்க்க வேண்டும்.

திண்டிவனம் பக்கத்தில் ஒரு கிராமத்தில், மல்லாட்டை விளையும் மேட்டு நில ஊரில், விவசாயிகள் கூட்டம் ஒன்றுக்குப் போயிருந்தோம். வெளிநாட்டு எண்ணெய்க்குத் தீர்வையை உயர்த்து என்ற கோரிக்கையை விளக்கிப் பேசினோம். நிலமுள்ளவர்கள் தலையசைத்தார்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த விவசாயத் தொழிலாளிப் பெண் ஒருவர் எழுந்து கேட்டார்: "ஏன் தோழர், எண்ணெய் வெலை ஏறணும்னு நீங்களே சொல்றீங்களே, நாங்க எதை ஊத்தித் தாளிக்கிறது?"

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. நாங்கள் சிரிக்கவில்லை. நிலமில்லாத குடும்பம் எண்ணெயை விலைக்குத்தான் வாங்குகிறது. அதற்கு மல்லாட்டையின் விலை உயர்ந்து ஆவதென்ன? தீர்வைக் குறைப்பை ஆதரிக்கும் பொருளாதார நிபுணர்கள் பக்கம் பக்கமாக எழுதுவதும் இதைத்தான். வாங்குகிறவர்கள் அதிகம், விற்கிறவர்கள் குறைவு. எனவே மலிவான இறக்குமதி ஏழைக்கு நல்லது என்பது அவர்கள் கணக்கு. அவர்கள் சொன்னால் மறுத்துப் பேசிவிடலாம். அந்தப் பெண் கேட்டதை மழுப்பிவிட்டுப் போக முடியாது.

பழைய கதை

இந்த வேடிக்கை நேற்று ஆரம்பித்ததல்ல. 1986ல் எண்ணெய் வித்து உற்பத்திக்கென மத்திய சர்க்கார் ஒரு தனி இயக்கம் தொடங்கியது. 1985-86ல் ஏறத்தாழ 108 லட்சம் டன்னாக இருந்த வித்து உற்பத்தி பத்தே வருஷங்களில் சுமார் இரு மடங்காயிற்று. 1990களின் தொடக்கத்தில் நம் தேவையில் மிகப் பெரும் பகுதியை நாமே விளைவித்துக் கொண்டோம். வெளியிலிருந்து வந்தது சில லட்சம் டன்தான். அதையும் தனியார் கொண்டுவர முடியாது. அரசு வணிகக் கழகம் இறக்குமதி செய்தது. ரேஷன் கடை மூலம் ஜனங்களுக்குப் போயிற்று. உலகச் சந்தையில் மலிவாகக் கிடைத்தால் அந்த ஆதாயம் சர்க்காருக்கும் கார்டுதாரருக்கும் சேர்ந்தது. அந்த ஏற்பாட்டில் ஊழல் இல்லை என்று நாம் சொல்லவில்லை. ஆனால் இடையில் லாபம் பார்க்கத் தனியாருக்கு இடம் குறைவாக இருந்தது.

1994ல் கதவு திறக்கப்பட்டது. பாமாயிலை யார் வேண்டுமானாலும் 65 சதவிகிதத் தீர்வை கட்டிக் கொண்டுவரலாம் என்றார்கள். மறு வருஷம் ஏறக்குறைய எல்லாச் சமையல் எண்ணெய்களுக்கும் 30 சதவிகிதம். பிறகு 20. 1998ல் 15. உலக வர்த்தக அமைப்பு கட்டாயப்படுத்தியது, வேறு வழியில்லை என்று சிலர் பேசுகிறார்கள். சோயா எண்ணெய்க்கு மட்டும் 45 சதவிகித உச்சவரம்பு இருந்தது உண்மை. பாமாயிலுக்கு 300 சதவிகிதம் வரை தீர்வை போடும் உரிமையை அந்த அமைப்பே நமக்குக் கொடுத்திருந்தது. 300 போடலாம் என்றிருந்த இடத்தில் 15 போட்டவர்கள் டில்லியில் இருந்தவர்களே.

1990களின் இறுதியில் இறக்குமதி வருஷத்துக்கு 40 லட்சம் டன்னைத் தாண்டிற்று. அதன் பின் தீர்வையைப் பல தடவை ஏற்றினார்கள், இறக்கினார்கள்; 2008ல் கச்சா எண்ணெய்க்குச் சூனியம் என்றார்கள், 2018ல் கச்சா பாமாயிலுக்கு 44 சதவிகிதம் என்றார்கள். எந்த விலை கிடைக்கும் என்று நம்பி ஒரு விவசாயி விதை போடுவான்? 2010 ஜனவரியில் அமலுக்கு வந்த ஆசியான் ஒப்பந்தத்தை எதிர்த்து, அதற்கு முன்பே 2009 அக்டோபர் 2ந் தேதியன்று, கேரளத்தில் காஸர்கோட்டிலிருந்து திருவனந்தபுரம் வரை ஜனங்கள் கைகோர்த்து நின்றார்கள். டில்லி செவிசாய்க்கவில்லை. இப்போது வருஷத்துக்குச் சுமார் 160 லட்சம் டன் எண்ணெய் கப்பலில் வருகிறது. நமது தேவையில் பாதிக்கும் மேல் அது.

இதனால் ஏழை வீட்டுக்கு ஒன்றுமே கிடைக்கவில்லையா? கிடைத்தது. நாட்டில் தலைக்கு வருஷத்துக்கு 19 கிலோவுக்கு மேல் எண்ணெய் செலவாகிறது. முப்பது வருஷத்துக்கு முன் இதில் பாதிகூட இல்லை. பண்டிகை நாளில் மட்டும் வடை சுட்ட வீடுகளில் இன்று சாதாரண நாளிலும் எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறுகிறது. அந்தச் சட்டியில் இருப்பது பெரும்பாலும் பாமாயில்தான். மல்லாட்டை விளைவிக்கிற வீட்டிலும் அதே பாக்கெட்தான் தொங்குகிறது; கடலை எண்ணெய் மரச்செக்கு எண்ணெய் என்ற பெயரில் பட்டணத்து வசதிக்காரர்களின் பண்டமாகிவிட்டது. இதையெல்லாம் மறைத்துப் பேசினால் அந்தப் பெண் நம்மை நம்ப மாட்டார்.

நிவாரணம் எங்கே நின்றது?

2024 செப்டம்பரில் தீர்வையை ஏற்றியபோது நடந்ததைப் பாருங்கள். குறைந்த தீர்வையில் ஏற்கெனவே வந்து இறங்கிய எண்ணெய் ஏறத்தாழ 30 லட்சம் டன் கையிருப்பில் இருக்கிறது, அது 45 முதல் 50 நாட்களுக்குப் போதும், அதுவரை விலையை உயர்த்தாதீர்கள் என்று மத்திய உணவுத் துறையே கம்பெனிகளைக் கேட்டுக் கொண்டது. அவர்கள் காத்திருந்தார்களா? பண்டிகைக் காலத்தில் கடைக்குப் போன எந்தக் குடும்பப் பெண்ணைக் கேட்டாலும் சொல்வார். உத்தரவு வந்த உடனேயே விலை ஏறத் தொடங்கிவிட்டது. கிலோவுக்குப் பத்து ரூபாய்தான் ஏற்றினார்கள் என்று வைத்துக் கொண்டாலும், 30 லட்சம் டன்னுக்கு அது 3,000 கோடி ரூபாய் ஆகிறது. தீர்வையாக ஒரு பைசா கூடுதலாகக் கட்டாத சரக்கு அது! இந்தப் பணத்தில் சர்க்கார் கஜானாவுக்குப் பங்கில்லை; விவசாயிக்கும் பங்கில்லை.

விவசாயியின் நன்மைக்காக என்றார்களே, அந்த விவசாயி என்னவானான்? அந்த வருஷம் சோயாவுக்கு அறிவிக்கப்பட்ட ஆதரவு விலை குவிண்டாலுக்கு 4,892 ரூபாய். தீர்வை உயர்ந்த பின்னரும் மகாராஷ்டிரத்திலும் மத்தியப் பிரதேசத்திலும் அறுவடைச் சமயத்தில் சந்தை விலை அதற்குப் பல நூறு ரூபாய் கீழேயே கிடந்தது. நவம்பரில் நடந்த மகாராஷ்டிரத் தேர்தலில் அது பெரும் பிரச்னையாயிற்று. நம் பக்கத்து மல்லாட்டை விவசாயிக்கு ஆதரவு விலை என்பது பத்திரிகையில் படிக்கும் சமாச்சாரம். மூட்டையைக் கமிட்டியில் கொண்டுபோய் இறக்குகிறான். வியாபாரிகள் டெண்டர் போடுகிறார்கள். அதற்கு மேல் அவனால் ஆவதொன்றுமில்லை. வாங்கிய கடனுக்கு வட்டி ஓடிக் கொண்டிருக்கும்போது மூட்டையைத் திருப்பியா ஏற்றிக் கொண்டு போவான்?

தீர்வையை இறக்கியபோதும் இதே கதைதான். மே 30ல் குறைத்தார்கள். ஜூன் 11ந் தேதி, குறைப்பின் முழுப் பலனையும் ஜனங்களுக்குக் கொடுங்கள் என்று கம்பெனிகளுக்கு வேண்டுகோள் விட வேண்டி வந்தது. தானாகப் போய்ச் சேருவதாக இருந்தால் வேண்டுகோள் எதற்கு? அத்தியாவசியப் பண்டங்கள் சட்டம் 1955லிருந்து கையில் இருக்கிறது. சரக்கைப் பதுக்கினால் வரம்பு கட்டலாம். கம்பெனிகளிடம் மட்டும் சட்டம் பேசாது, கைகூப்பும்.

இன்னொரு சூட்சுமமும் அந்த உத்தரவில் உண்டு. கச்சா எண்ணெய்க்குத்தான் தீர்வை இறங்கியது. சுத்திகரித்த எண்ணெய்க்கு மேல்வரிகளும் சேர்த்து 35.75 சதவிகிதம் அப்படியே நின்றது. கச்சா எண்ணெய்க்கு அது 27.5லிருந்து 16.5 ஆயிற்று. இரண்டுக்கும் உள்ள இடைவெளி 8.25லிருந்து 19.25 சதவிகிதமாக விரிந்தது. நம் நாட்டுச் சுத்திகரிப்பு ஆலைகள் ஓட வேண்டும், அங்கே தொழிலாளர் வேலை செய்கிறார்கள் என்பதை நாம் மறுக்கவில்லை. இந்த இடைவெளியைக் கேட்டு வாங்கியவர்கள் ஆலை முதலாளிகள். நிவாரணம் என்று பெயர் சூட்டப்பட்டது அடுப்படியின் பெயரில். அது தவிர, அதே மே மாதத்தில் இந்தோனேசியா தன் பாமாயில் ஏற்றுமதிக்கான லெவியை 7.5 சதவிகிதத்திலிருந்து 10 சதவிகிதமாக உயர்த்திற்று. நம் கஜானா விட்டுக் கொடுத்ததில் ஒரு பகுதி எங்கே போகக்கூடும் என்பதை வாசகர்களே யோசித்துக் கொள்ளலாம்.

ஒரு வீட்டுக் கணக்கு

நிபுணர்களின் கணக்கை விட்டுவிட்டு அந்தப் பெண்ணின் வீட்டுக் கணக்கைப் போடுவோம். ஐந்து பேர் உள்ள குடும்பம், மாதம் நான்கு லிட்டர் எண்ணெய். தீர்வை குறைந்து, அந்தக் குறைப்பு அதிசயமாக முழுவதும் வந்து சேர்ந்து, லிட்டருக்குப் பத்து ரூபாய் இறங்கினால் மாதம் 40 ரூபாய் மிச்சம். வருஷத்துக்கு 480 ரூபாய். ஏழை வீட்டில் இது சின்னத் தொகையல்ல.

ஆனால் அந்தப் பெண் எண்ணெய் வாங்குகிறவர் மட்டும்தானா? மல்லாட்டை களையெடுப்பது அவர். செடி பிடுங்கிக் காய் ஆய்வது அவர். விதைக்காக ஓடு உடைப்பதும் அவரே. மல்லாட்டை கட்டுபடியாகவில்லை என்று நிலக்காரர் சவுக்கு நட்டுவிட்டால், நடுகிற நாளிலும் வெட்டுகிற நாளிலும் தவிர வருஷக்கணக்கில் அங்கே பெண்ணாளுக்கு வேலை கிடையாது. ஒரு பட்டத்தில் பத்து நாள் வேலை போனாலும், நாளுக்கு 300 ரூபாய் கூலி என்றால் 3,000 ரூபாய் போயிற்று. பத்து மூட்டை, அதாவது 800 கிலோ பருப்பு விற்கிற சிறு விவசாயிக்குக் கிலோவுக்கு மூன்று ரூபாய் விலை இறங்கினால் 2,400 ரூபாய் நஷ்டம். அவன் வீட்டிலும் எண்ணெயில் மிச்சமாவது அதே 480தான்.

தமிழ்நாட்டில் 1990களின் தொடக்கத்தில் மல்லாட்டை பயிரான பரப்பில் இன்று பாதிகூட இல்லை. மழை பொய்த்தது, விதை விலை ஏறிற்று, காட்டுப் பன்றித் தொல்லை வேறு. பழி முழுவதையும் தீர்வையின் தலையில் போட நாம் தயாரில்லை. ஆனாலும் கப்பலில் வந்த மலிவு எண்ணெய் விலையை அமுக்கிப் பிடித்திருக்கும்போது மற்ற கஷ்டங்களைத் தாங்க விவசாயிக்குத் தெம்பு எங்கிருந்து வரும்?

நம் வயலைக் கைவிட்டுப் பிறர் எண்ணெயை நம்பினால் என்னவாகும் என்பதை 2022ல் பார்த்தோம். 2021 அக்டோபரிலேயே அடிப்படைத் தீர்வை சூனியம். ஆயினும் பிப்ரவரியில் உக்ரேனில் யுத்தம் மூண்டவுடன் சூரியகாந்தி எண்ணெய் தட்டுப்பட்டது. ஏப்ரல் 28ந் தேதி இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியையே நிறுத்திற்று. மே 23ல்தான் மீண்டும் திறந்தது. விலை எட்டாத உயரத்துக்குப் போயிற்று. சூனியத்துக்குக் கீழே குறைக்கத் தீர்வை ஏது?

ஆகவே அந்தப் பெண்ணுக்கு நாங்கள் சொன்ன பதில் இது. தீர்வையை மட்டும் உயர்த்து என்று கோரினால் உங்கள் கேள்வி நியாயமானது. எங்கள் கோரிக்கை குறையுடையது. வெளிநாட்டு எண்ணெய்க்கு ஒழுங்கான தீர்வை வேண்டும், அது அறுவடைச் சமயத்தில் மாறக்கூடாது. அந்த வருமானம் எண்ணெய்க்கே செலவாக வேண்டும். செயலற்றுப் போகும்படி விடப்பட்ட அரசு வணிகக் கழகத்திடம் இறக்குமதி திரும்ப வேண்டும். கமிட்டியில் சர்க்காரே ஆதரவு விலைக்கு மல்லாட்டையை வாங்க வேண்டும். 2025-26க்கு அது குவிண்டாலுக்கு 7,263 ரூபாய். அதை ஆட்டி, ரேஷன் கடையில் கொடுக்க வேண்டும். இன்று கார்டுக்கு ஒரு லிட்டர் பாமாயில் 25 ரூபாய்க்குக் கிடைக்கிறது. வெளியே அது நூறு ரூபாய்க்கு மேல். இந்த ஒரு லிட்டரை ஜனங்கள் எவ்வளவு மதிக்கிறார்கள் என்பது கடை வாசலில் நிற்பவர்களுக்குத் தெரியும். அந்த விலையிலேயே அது கடலை எண்ணெயாகவும் தேங்காய் எண்ணெயாகவும் இருக்கட்டும், அளவும் கூடட்டும் என்கிறோம்.

பணத்துக்கு எங்கே போவது என்பார்கள். எண்ணெய் இறக்குமதிக்கு வருஷம் ஒரு லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் வெளியே போகிறபோது யாரும் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை.

அந்தப் பெண் முழுவதும் கேட்டுவிட்டு, "ரேஷன்ல நல்லெண்ணெயும் போடச் சொல்லுங்க" என்று உட்கார்ந்தார். அதையும் மனுவில் சேர்த்திருக்கிறோம். மார்கழிப் பட்டத்து மல்லாட்டை பங்குனியில் கமிட்டிக்கு வரும். அதற்கு முன்னால் ஒவ்வொரு ரேஷன் கடை வாசலிலும், ஒவ்வொரு கமிட்டி வாசலிலும் கையெழுத்து வாங்க வேண்டும். விவசாயிகள் சங்கமும் விவசாயத் தொழிலாளர் சங்கமும் தனித்தனியாக அல்ல, ஒரே நோட்டில்.