தறிவீட்டுக்குள் காற்று வரட்டும்: வெம்பாக்கம் நெசவுக் குடும்பங்களின் கொள்கைப் பிரகடனம்

வெம்பாக்கத்திலும் சுற்றுப்பட்ட ஊர்களிலும் பட்டு நெய்து பிழைக்கும் குடும்பங்களைச் சேர்ந்த நாங்கள், ஐப்பசி மழை பிடிப்பதற்கு முன்பே ஓர் இயக்கமாகக் கூடி இதை அறிவிக்கிறோம். கூலி உயர்வுப் பேச்சு தனி. அது நடக்கட்டும். இது எங்கள் வீட்டுக்குள் நாங்கள் இழுத்துவிடும் மூச்சைப் பற்றியது.

தறிவீட்டு சன்னல் ஏன் எப்போதும் சாத்தியே கிடக்கிறது என்று வெளியூரிலிருந்து வருகிறவர்கள் கேட்பார்கள். சோம்பல் இல்லை. வெயில் நேராக விழுந்தால் சாயம் மங்கும். வறண்ட காற்று அடித்தால் பாவு காய்ந்து இழை அறும். சாரல் பட்டால் இழையோடு இழை ஒட்டும், ஜரிகை கறுக்கும். புழுதி ஏறினால் வெளிர் நிறச் சேலையில் அது தெரியும். கொண்டுபோய்க் கொடுக்கும்போது முதலாளி விரித்துப் பார்த்துக் கூலியில் பிடிப்பார். ஆகவே சேலையைக் காப்பாற்ற சன்னலைச் சாத்தினோம். சாத்திய அதே அறையில்தான் சமைக்கிறோம், படுக்கிறோம், பிள்ளை வளர்க்கிறோம், இருமுகிறோம்.

மழைக்காலத்தில் இது இன்னும் மோசம். தறிக்குழியில் நீர் ஊறும். தறி ஓடாது. ஓடாவிட்டாலும் எல்லோரும் வீட்டுக்குள்தான். ஈரத்துணி உள்ளே கொடியில் தொங்கும், ஈர விறகு புகையும், கொசுவுக்குச் சுருள் எரியும், குழந்தை குளித்ததும் சாம்பிராணி போடுவார்கள், மார்கழி வந்தால் பனி இறங்குகிறதென்று கதவையும் சாத்திவிடுவார்கள். இந்தியாவின் பெரும்பகுதியில் ஃபுளூ காய்ச்சல் தென்மேற்குப் பருவமழையோடு ஏறும். தமிழ்நாட்டில் அது பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழையைப் பிடித்துக்கொண்டு வருகிறது. வீட்டை நாம் இறுக்கிச் சாத்துகிற மாதங்களும் கிருமி உச்சத்தில் இருக்கிற மாதங்களும் ஒன்றே. ஒருவருக்குக் கண்டால் அந்த வாரத்துக்குள் வீடு முழுக்கப் படுத்துவிடுகிறது. சேலையின் உடலோடு கரையை இணைக்கும் கோர்வையைப் போட இரண்டு பேர் தோளோடு தோள் உட்கார வேண்டிய தொழிலில் ஒருவர் மட்டும் தப்புவது எப்படி?

நம் வீட்டுப் பெரியவர்களிடம் மரியாதையோடு ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. காற்று பட்டால் சளி பிடிக்கும் என்கிறீர்கள். ஃபுளூவைத் தருவது வைரஸ். அது அடுத்தவர் மூச்சிலிருந்து வருகிறது. இருமலும் தும்மலும்தான் பரப்பும் என்றுகூட இல்லை. அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், ஃபுளூ நோயாளிகள் இருமாமல் சும்மா மூச்சு விட்டபோதும் அந்த மூச்சின் நுண்துளிகளில் உயிருள்ள வைரஸ் இருந்தது. இந்தத் துளிகள் தரையில் விழாமல் மிதக்கின்றன. அறை அடைந்திருந்தால் சேர்ந்துகொண்டே போகும். காற்று ஓடினால் நீர்த்துப்போகும். குழந்தைக்குக் குளிர் தாங்காதென்றால் போர்த்துங்கள், குல்லா போடுங்கள், மறுக்கவில்லை. கதவைச் சாத்தாதீர்கள்.

பெரு நாட்டின் தலைநகர் லிமாவில் எட்டு மருத்துவமனைகளின் அறைகளை அளந்து 2007-இல் ஓர் ஆய்வு வெளியானது. பழைய பாணியில் உயரக் கூரையும் பெரிய சன்னலும் வைத்துக் கட்டிய அறைகளில், சன்னலைத் திறந்தபோது மணிக்குச் சுமார் 40 முறை காற்று மாறியது. எந்திரக் காற்றோட்டம் வைத்த புது அறைகளில் 12 முறைதான். காசில்லாதவர்களுக்கு இதைவிட நல்ல சேதி உண்டா? நம் ஊரிலும் ஒரு சாட்சி இருக்கிறது. காசநோயாளியைச் சானடோரியத்தில் சேர்க்காமல் வீட்டிலேயே வைத்துக் குணமாக்கலாம் என்று 1959-இல் உலகுக்குக் காட்டியது சென்னையில் நடந்த ஆய்வு. நோயாளியை வீட்டில் வைத்துப் பார்க்கலாம் என்றால், மருத்துவமனை வார்டுக்கு உள்ள காற்றோட்டம் அந்த வீட்டுக்கும் வேண்டாமா?

சேலை கெடாமல் காற்று வர வழி உண்டு. இந்த இயக்கத்தின் முதல் கொள்கை அதுதான்: காற்று பாவின்மேல் அடிக்க வேண்டாம், தலைக்கு மேலே போகட்டும். தறிக்கு எதிர்ச் சுவரில் இல்லாமல் பக்கச் சுவரில், கூரையை ஒட்டி, எதிரெதிராக இரண்டு திறப்புகள். கொசுவலை அடித்து, சாரல் புகாமல் சாய்வுப் பலகை வைத்தால் போதும். சூடான காற்றும் புகையும் மேலேதான் ஏறும், அந்த வழியாகவே வெளியேறும். தேசியக் கட்டட விதித்தொகுப்பு, வெப்பமும் ஈரமும் மிகுந்த பகுதிகளில் அறைத் தரைப்பரப்பின் ஆறில் ஒரு பங்காவது சன்னல் திறப்பு வேண்டும் என்கிறது. 120 சதுர அடி அறைக்கு 20 சதுர அடி. நம் வீடுகளில் யாராவது அளந்து பாருங்கள், சிரிப்புத்தான் வரும்.

சுவரில் துளை போட முடியாத வீட்டில், சன்னலில் எக்ஸாஸ்ட் ஃபேன். அதுவும் இல்லையென்றால் டேபிள் ஃபேனை சன்னலில் வெளியே பார்த்த மாதிரி வைத்து, எதிர்ப்பக்கக் கதவைக் கொஞ்சம் திறந்து வையுங்கள். சீலிங் ஃபேன் உள்ளே இருக்கும் காற்றையே சுற்றிச் சுற்றி அடிக்கும், மாற்றாது. கரண்டு பில் ஏறும் என்ற பயம் வேண்டாம். கைத்தறி நெசவாளர்களுக்கு இரண்டு மாதத்துக்கு 200 யூனிட்டாக இருந்த இலவச மின்சாரம் 2023-இல் 300 யூனிட் ஆனது. 40 வாட் எக்ஸாஸ்ட் ஃபேன் தினம் பத்து மணி நேரம் ஓடினாலும் இரண்டு மாதத்துக்கு 24 யூனிட்தான்.

இனி புகை. அரசு தந்த எரிவாயு அடுப்பு வீட்டில் இருக்கிறது. இருந்தும் வெந்நீருக்கு விறகு, சாயம் காய்ச்ச விறகு. அதை வெளியே வைத்து எரியுங்கள், திண்ணை ஓரத்தில் வேண்டாம். கொசுவர்த்திச் சுருளைப் பற்றி இங்கே கடுமையாகவே பேசுகிறோம்: ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் விடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட் புகைக்குச் சமம் என்று 2003-இல் வெளியான ஆய்வு காட்டியது. பீடி பிடிக்கும் தாத்தாவை வாசலுக்கு அனுப்பிவிட்டு, பேரன் தலைமாட்டில் சுருளைக் கொளுத்துகிறோம். கொசுவலை கட்டுங்கள். சாம்பிராணி மணம் எங்களுக்கும் பிடிக்கும். வெள்ளிக்கிழமை, சன்னலைத் திறந்துவைத்து, கைக்குழந்தை இல்லாத அறையில் போடுங்கள்.

மந்திரத்தில் மாங்காய் விழும் என்று நாங்கள் சொல்ல மாட்டோம். விழுப்புரம், நாகப்பட்டினம் மாவட்டங்களில் சென்னை ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்தின் பேராசிரியர் கல்பனா பாலகிருஷ்ணன் குழுவினர், கர்ப்பிணிகள் வீட்டுக்கு எரிவாயு கொடுத்து ஆராய்ந்தார்கள். குவாதமாலா, பெரு, ருவாண்டா நாடுகளிலும் நடந்த பெரிய ஆய்வின் பகுதி அது. சுவாசிக்கும் நுண்துகள் வெகுவாகக் குறைந்தது. ஆனால் பிறப்பு எடையும் குழந்தைகளின் கடும் நிமோனியாவும் எதிர்பார்த்தபடி மாறவில்லை. அடுப்பு மாற்றம் மட்டும் போதாது என்றே நாங்கள் புரிந்துகொள்கிறோம். புகையும் போக வேண்டும், காற்றும் மாற வேண்டும், தடுப்பூசியும் வேண்டும். மூச்சுத் திணறினால் சன்னலைத் திறந்துவிட்டுக் காத்திருக்கக் கூடாது, மருத்துவமனைக்குப் போக வேண்டும். இருமல் இரண்டு வாரம் தாண்டினால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளிப் பரிசோதனை.

முதலாளிமார்களிடமும் கூட்டுறவுச் சங்கங்களிடமும் எங்கள் கோரிக்கை: மழைமாதங்களில் காய்ச்சல் கண்ட வீட்டுக்குச் சேலை முடிக்கும் கெடுவைத் தள்ளிக் கொடுங்கள். கெடுவுக்குப் பயந்து காய்ச்சலோடு குழியில் இறங்குகிறவர்தான் பக்கத்தில் உட்காருகிறவருக்கும் ஒட்டவைக்கிறார். அரசிடம்: நெசவாளர்க்குக் கட்டித்தரும் வீட்டின் வரைபடத்தில் தறி நிற்கும் இடத்தைக் குறித்து, அதற்கு மேலே திறப்பு வையுங்கள். தறி இருக்கும் என்பதே தெரியாதது போல வீடு கட்டிவிட்டு, பிறகு எங்களைச் சுவர் இடிக்கச் சொல்லாதீர்கள்.

இயக்கத்துக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. பெயர்ப்பலகைக் காசில் இரண்டு வீட்டுக்கு வலை அடிக்கலாம். உறுப்பினர் ஆக சந்தா கிடையாது; தன் வீட்டில் ஒரு மேல்திறப்பு வைத்தவர் உறுப்பினர். வேலை செய்கிறதா என்று பார்க்கக் கருவியும் வேண்டாம். அறுந்த பட்டு இழை ஒன்றைத் திறப்புக்கு முன்னால் பிடியுங்கள். வெளிப்பக்கம் இழுத்தால் காற்று ஓடுகிறது. தொங்கியே நின்றால் எதிர்ப்பக்கத்தில் இன்னும் வழி விட வேண்டும். சுவர் உடைக்கக் கொத்தனார் கூலி தர முடியாத வீடுகளின் பட்டியலை ஒவ்வொரு தெருவும் தயார் செய்யட்டும். தறி வைத்திருக்கும் மற்ற வீடுகள் அந்தக் கூலியைப் பங்கிட்டுக்கொள்ளும். பட்டியலில் கைக்குழந்தையும் வயதானவர்களும் உள்ள வீடுகள் முதலில். மழை பிடிப்பதற்குள் அந்த வீடுகளை முடித்துவிட வேண்டும்.